மதிப்பெண் எதற்கு, கையெழுத்துக்கா?

ஐயா,

வேலூர் மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலக் கடிதம், பத்தி வினாக்களைத் திருத்தும் அளவுகோலையே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். 'பாலாற்றில் குப்பை கொட்டுவது பற்றி நகராட்சிக்குக் கடிதம்' என்று கேட்கிறோம். முகவரி, தேதி, 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என நோட்ஸில் உருப்போட்ட சட்டகத்துக்கே ஐந்தில் இரண்டு போய்விட்டால், எந்தக் கரை, எத்தனை நாளாக என்று சொந்தமாக எழுதிய மாணவி பின்தங்குவாள். 'பீப்பிள் இஸ் த்ரோயிங்' என்று அவள் மூன்று இடத்தில் எழுதியிருந்தாலும் பிழை ஒன்றுதான். மூன்று முறை வெட்டக் கூடாது.

30 விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்தட்டும். ஒரே தாளுக்கு இருவரும் போட்டதில், ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அளவுகோலின் வாசகத்தில்தான் கோளாறு ('நன்று', 'சுமார்' என்பதெல்லாம் வாசகமா?). அளவுகோலில் ஒவ்வொரு மதிப்பெண் படியையும் மாதிரி விடையோடு விளக்கி எழுத வேண்டும். இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போவது மட்டும் போதாது. இருவருமே எழுத்துப்பிழையை மட்டும் எண்ணினாலும் ஒத்துத்தான் போகும். அந்த 30 விடைத்தாள்களில் பத்தைப் பிழையோடு அப்படியே தட்டச்சு செய்து, சில வாரம் கழித்து அதே ஆசிரியர்களிடம் கொடுங்கள். அழகாக எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் இறங்கினால், முதலில் அளந்தது கையெழுத்தைத்தான்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி