புதுத் திரிபின் பெயரோடு மூச்சுக் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவில் புதுத் திரிபு வரும்போதெல்லாம் அதன் பெயரும் எண்ணும் பத்திரிகைகளில் பெரிதாக வருகின்றன. 2023 டிசம்பரில் எங்கள் குமரிக்குப் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஜேஎன்.1 உறுதியானபோதும் அப்படித்தான். ஆனால், திரிபு மாறினால் பிள்ளையிடம் கவனிக்க வேண்டிய அறிகுறியும் மாறுகிறது. அந்தச் செய்திதான் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

2021-இல் டெல்டா நுரையீரலைத் தாக்கியது. அந்த ஆண்டு இறுதியில் வந்த ஒமிக்ரானும், அதன் வழிவந்த ஜேஎன்.1, என்பி.1.8.1 போன்றவையும் மூக்கிலும் தொண்டையிலும் மேல் மூச்சுப்பாதையிலும்தான் அதிகம் பெருகுகின்றன. பெரியவர்களுக்கு இது தொண்டை வலியோடு போய்விடும். கைக்குழந்தையின் மூச்சுக்குழாயோ குரல்வளைக்குக் கீழே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம்தான். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போக முன்பிருந்த வழியில் கால் பங்குதான் மிஞ்சும். நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், இரவில் திடீரென மோசமாவது: இதுதான் குரூப் (croup) என்னும் குரல்வளை வீக்கம்.

பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். டெல்டா காலத்துப் பழக்கத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, 98 என்று கண்டதும் நிம்மதியடைகிறார்கள். குரூப்பில் ஆக்சிஜன் அளவு கடைசிக் கட்டத்தில்தான் இறங்கும். போதாக்குறைக்கு, பெரியவர்களுக்கான கருவி குழந்தையின் சின்ன விரலில் சரியாகப் பொருந்தாது; அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

எனவே மூச்சை எண்ணுங்கள். பிள்ளை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையை உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, சும்மா இருக்கும்போதே கீச்சுச் சத்தம் கேட்டாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் ஒன்றே போதும், உடனே கொண்டுபோக.

குரூப் பிள்ளையை அழவிடக் கூடாது. கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்கவும் கூடாது. அழுதால் வீங்கிய குழாய் இன்னும் இறுகும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபடியே கொண்டுபோங்கள். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் எடைக்கணக்கில் ஒரே வேளை கொடுத்தாலே பெரும்பாலும் சில மணி நேரத்தில் வீக்கம் வடியும். ஆவி பிடிப்பதால் பயனில்லை. போர்வைக்குள் கொதிநீர்ப் பானை கவிழ்ந்து வெந்துபோவதுதான் மிச்சம்.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறும் பெரியது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150. 1 மில்லியில் 100 என்று போட்ட சொட்டு மருந்தில் இது 1.5 மில்லி, 5 மில்லியில் 125 என்று போட்ட சிரப்பில் 6 மில்லி, 250 என்று போட்டதில் 3 மில்லி. போன தடவை 6 மில்லி கொடுத்த நினைவில் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. வேளைக்கு வேளை இப்படியே கொடுத்தால் கல்லீரல் தாங்காது. இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் விடுங்கள். மருந்துக்கடைக்காரர்கள் பிள்ளையின் எடையைக் கேட்டு, மில்லி அளவைப் பாட்டிலிலேயே எழுதித் தந்தால் பெரிய உதவி. 5 வயதுக்குள் சளி, இருமல் சிரப்பைக் கேட்டாலும் தராதீர்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம். அதற்குள் நின்றாலும், முதல் முறை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டெல்டா காலத்தில் பயமுறுத்திய பல உறுப்பு அழற்சி இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் ஒழியவில்லை. தொற்று வந்துபோய் 2 முதல் 6 வாரம் கழித்து, விடாத காய்ச்சல், சிவந்த கண், தோல் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி என்று வரும். மழைக்காலத்தில் இதை டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ எண்ணிவிட இடமுண்டு. வயிற்று வலியை மட்டும் பார்த்தால் குடல்வால் என்றும் தோன்றும். மூன்று நாள் தாண்டிய காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கும்போது, “போன மாசம் வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் வந்துதா” என்பதற்கான பதிலை நீங்களாகவே சொல்லுங்கள். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனை பல நேரம் அந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் கொரோனா தடுப்பூசி போடப்படவில்லை. இன்று அங்கன்வாடியில் இருக்கும் பிள்ளைகள் தடுப்பூசி இல்லாமலே இந்தக் கிருமியைச் சந்திக்கிறார்கள். ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்திலும், அடுத்த திரிபின் பெயர் வரும் நாளிலும், 60, 50, 40 என்ற அந்த மூன்று எண்களை வயதோடு கட்டம் கட்டிக் குமரி மாவட்டப் பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர்கள் சிலர்,
தக்கலை.