ஸ்மியீவ்கா மூழ்கவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்ததில், நான் முன்பு சொன்ன அந்த சுவீடன்காரர்கள் ஊரும் வெள்ளத்தில் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். போகவில்லை. ஸ்மியீவ்கா என்ற அந்த ஊர், அணைக்கு மேலே, ஆறு வரும் திசையில், தினீப்பர் ஆற்றின் வலது கரையில் இருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று அணை உடைந்தபோது வெள்ளம் பாய்ந்ததெல்லாம் கீழே கெர்சன் நகரத்துப் பக்கம். இந்த ஊருக்கு நடந்தது அதற்கு நேர்மாறு, எதிரே கடல் மாதிரி கிடந்த நீர்த்தேக்கம் சில நாட்களில் வடிந்து சேறும் செத்த மீனும் சிப்பியுமாகக் கிடந்தது.

சரி, சுவீடன்காரர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். பால்டிக் கடலில் டாகோ என்று ஒரு தீவு, இன்றைக்கு எஸ்தோனியாவின் ஹீயுமா. அங்கே பண்ணையாருடன் தீராத தகராறில் இருந்த சுவீடிஷ் குடியானவர்களை, தெற்கே நிலம் தருகிறேன் என்று ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் கிளப்பிவிட்டாள். அது காலி நிலம் என்று நினைத்துவிடாதே, அங்கே வாழ்ந்த போர்வீரக் கூட்டத்தாரான ஜபோரிஷியா கோசாக்குகளின் கோட்டையை அவளுடைய படை 1775-ல்தான் அழித்திருந்தது. 1781 ஆகஸ்டில் குழந்தை குட்டிகளோடு கிளம்பிய சுமார் 1000 பேர், நடுவே ஒரு குளிர்காலம் முழுவதையும் தாண்டி, மறுவருடம் மே மாதம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். 1783 மார்ச்சில் உயிரோடு இருந்தவர்கள் வெறும் 135 பேர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அந்த 135 பேர்தான் வேரூன்றினார்கள். தீவில் பேசிய பழைய சுவீடிஷ் வழக்கை விடவில்லை, 1885-ல் தங்களுக்கென்று லூத்தரன் தேவாலயம் எழுப்பினார்கள். பக்கத்தில் ஜெர்மானியர்களும் வந்து குடியேறினார்கள். அப்புறம் 1929-ல் ஏறக்குறைய 900 பேர், கிட்டத்தட்ட ஊரே, சுவீடனுக்குப் போனது. அங்கே ஒட்டாமல் சுமார் 250 பேர் திரும்பி வந்தார்கள், வந்த வேகத்தில் 1932-33 பஞ்சம்.

நீ செய்தியில் பார்த்த நீர்த்தேக்கமே 1950-களில்தான் வந்தது. அதற்கு முன் அங்கே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் காடும் புல்வெளியும் இருந்தன, கோசாக்குகளின் பெரும்புல்வெளி அதுதான். தண்ணீர் வடிந்த சேற்றில் வில்லோ கன்றுகள் தானாக முளைத்து, சில மாதங்களிலேயே பல இடங்களில் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன. அந்தப் படங்களைத் தேடிப் பார்.

அணையைத் திரும்பக் கட்டுவதா, ஆற்றை அப்படியே விடுவதா என்று உக்ரைனில் விவாதம் நடக்கிறது. தெற்கத்தி வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான் பாய்ந்தது, அதனால் சுலபமான பதில் கிடையாது. 2022 நவம்பரில் ஊர் இருக்கும் வலது கரை ரஷ்யப் படையிடமிருந்து விடுபட்டது, ஆனால் எதிர்க்கரையில் இன்னும் ரஷ்யப் படை. முதலில் போர் நிற்கட்டும். அதன்பிறகு அணையைப் பற்றி முதல் வார்த்தை சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கரையில் குடியிருப்பவர்கள்தான்.

அன்புடன்,
அண்ணன்