கறுப்பு உறையைக் கிழித்தது அம்மா இல்லை

அண்ணா,

ஹாலிவுட் ஸ்டண்ட் கலைஞர் ரானி ராண்டெல் 2025 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். உன் ரெக்கார்டு அட்டையில் கோட்டெல்லாம் தீப்பற்றி எரிய, கைகுலுக்கிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். வயது 88. செய்தியைப் படித்ததும் உனக்குப் போன் செய்யப் போனேன். செய்யவில்லை. காரணம் உனக்குத் தெரியும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அது போகட்டும்.

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் அந்த ரெக்கார்டு, 'விஷ் யூ வேர் ஹியர்', 1975 செப்டம்பரில் வந்தபோது, படமே தெரியாதபடி கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி விற்றார்கள் என்று எனக்குச் சொன்னவன் நீ. இல்லாமல் போனவர்களைப் பற்றிய பாட்டு, அதனால் படமும் இல்லை. ஓரத்தில் மட்டும் பிளேடால் கீறி ரெக்கார்டை உருவுவாய். கேட்டு முடித்ததும் அப்படியே செருகிவைப்பாய். பத்து வயதுப் பையனுக்கு அந்தப் பொறுமை ஏது?

நீ காலேஜுக்குப் போயிருந்த மத்தியானம் அது. பிளாஸ்டிக் சரசரவென்று கிழிந்து கையில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. உள்ளே அந்த ஆள் எரிந்துகொண்டிருந்தார். எதிரே நின்றவர் பதறவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, சாயங்காலம் உன் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "அம்மாதான்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமாண்டா, தூசி தட்டும்போது கிழிஞ்சுடுச்சு" என்றாள்.

நாலு நாள் நீ அவளோடு பேசவில்லை. தட்டை நான்தான் உன் அறைக்குக் கொண்டுவந்தேன்.

பயந்துவிட்டேன், அண்ணா. மன்னித்துவிடு. இருபது வயதில் சொல்லியிருக்கலாம், நாற்பதிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பிளாஸ்டிக்குக்காகப் பெற்றவளிடம் நாலு நாள் பேசாமல் இருக்க உன்னால் எப்படி முடிந்தது? கடைசி ஆறு மாதமும் "பெரியவன் பேசினானா?" என்று தினம் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தத் தீ நிஜத் தீ. அமெரிக்காவில் பர்பாங்க் என்ற ஊரில், ஒரு சினிமா ஸ்டூடியோ வளாகத்தில், கோட்டுக்குள் தீத்தடுப்பு உடை போட்டு எரியவிட்டார்கள். காற்று எதிர்த்து வீசி மீசை பொசுங்கிவிட்டது. இருவரும் இடம் மாறி நின்று எடுத்து, பிறகு படத்தை இடவலமாகத் திருப்பி அச்சடித்தார்கள். அட்டையில் தெரிவது வலக்கை. அப்படியென்றால் நிஜத்தில் அவர்கள் கொடுத்துக்கொண்டது இடக்கை! இடக்கையால் காசு வாங்கினாலே அம்மா அதட்டுவாளே.

பதிவு அலுவலகத்தில் எல்லாம் முடிந்ததும் நீ கை நீட்டினாய். நம் வீட்டில் யார் யாருக்குக் கை கொடுத்திருக்கிறார்கள்? அந்நியனைப் போல நீட்டினாயே என்று எரிச்சல். கையெல்லாம் மை என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். மை இருந்தது இடது பெருவிரலில். வலக்கை சுத்தமாகத்தான் இருந்தது.

ரெக்கார்டை இந்த வாரம் அனுப்புகிறேன். அது உன்னுடையது, இத்தனை நாள் நான் வைத்திருந்தது தப்பு. கிழிந்த கறுப்பு உறையும் அதோடு வரும். அம்மா பீரோவில், புடவைகளுக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருந்தாள்.

தம்பி