அம்மாவின் முதல் ஓட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு

2025 நவம்பர் 4 முடிந்து நாளாகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஆளுநர் தேர்தலில் என் அம்மா 74 வயதில், குடியுரிமை வாங்கிய பிறகு போட்ட முதல் ஓட்டு அது. (நம்மூர் ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை இங்கே, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிட்டத்தட்ட நம் முதல்வர் மாதிரி.) அந்த ஓட்டு விழக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

செப்டம்பரில் எங்கள் கதவைத் தட்டிய கல்லூரித் தங்கைக்கு முதல் நன்றி. எந்தக் கட்சிக்காக வந்தாயோ, அது இருக்கட்டும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வரிசையில் நிற்க முடியாது என்றதும், 65 வயதுக்கு மேல் என்றால் காரை விட்டு இறங்கவே வேண்டாம், வாக்குச்சீட்டு காருக்கே வரும் என்று சொன்னாய், வாசலிலேயே நின்று அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று போனில் பார்த்தும் கொடுத்தாய். எனக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

பக்கத்து வீட்டு அக்கா, என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் வேலைக்கு லேட்டாகப் போய்க் கூட்டிப்போனீர்கள். நன்றி அக்கா.

அப்புறம் அந்த இரண்டு தேர்தல் அலுவலர்கள். குளிர் காற்றில் ஃபோல்டருக்குள் வைத்துச் சீட்டைக் கொண்டு வந்தார்கள். நான் உதவுவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசித்துக் காட்டினேன். ஆளுநர் பதவிக்கு ஒரு பக்கம் ஆபிகேல் ஸ்பான்பெர்கர், இன்னொரு பக்கம் ஜமைக்காவில் பிறந்த வின்சம் ஏர்ல்-சியர்ஸ். "ரெண்டு பேருமே பொம்பளைங்களா? சின்னம் எங்கடி?" என்றார் அம்மா. சின்னம் கிடையாதும்மா, பெயரும் கட்சியும்தான். "1989-ல ஜெயலலிதா அணி சேவலும் ஜானகி அணி இரட்டைப்புறாவும் நின்னப்போ எது யாருதுன்னு சின்னத்தைப் பாத்துத்தானே குத்தினேன்" என்று சொல்லிக்கொண்டே பெயருக்குப் பக்கத்தில் இருந்த முட்டை வடிவ வட்டத்தைக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் மெதுவாக, ஓரம் தாண்டாமல் கருப்பாக்கினார். துணை ஆளுநர் வரிசையில் ஹைதராபாதில் பிறந்த கஸாலா ஹாஷ்மி பெயர் வந்ததும் இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. அலுவலர்கள் இருவரும் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை, சீட்டைப் பார்க்காமல் தள்ளி நின்றே காத்திருந்தார்கள். அந்த மரியாதைக்கு என் வணக்கம்.

இரண்டு கட்சிக்காகவும் ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்தவர்களுக்கும் நன்றி. 1776-ல் முதல் ஆளுநர் பேட்ரிக் ஹென்றி தொடங்கி அதுவரை ஒரு பெண்கூட உட்காராத ஆளுநர் நாற்காலி அது. 1993-ல் மேரி சூ டெர்ரி நின்று தோற்றார். இந்த முறை யார் ஜெயித்தாலும் பெண்தான் என்ற நிலை வந்ததே, அதற்கு அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்பான்பெர்கர் சுமார் 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அம்மா யாருக்குப் போட்டார் என்பதை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா, அம்மாவின் சால்வை உங்கள் பின்சீட்டில் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதிரசத்தோடு வந்து வாங்கிக்கொள்கிறோம்.