பொருள்: அந்தமான் பேக்கேஜில் ராஸ் தீவைக் காட்டாதது, பணத்தையும் திருப்பித் தராதது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புக்கிங் எண்ணைச் சொன்னாலே எங்கள் விவரம் முழுக்க கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அப்படியும் போன் செய்யும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்ல வைக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஹேவ்லாக் தீவுக் கடலில் கால் நனைக்கக்கூட அவருக்கு ஆசை இல்லை. ராஸ் தீவைப் பார்க்கத்தான் கிளம்பி வந்தார். வெள்ளைக்காரன் அந்தமானை ஆண்ட தலைமையிடம் அது. 1941இல் நிலநடுக்கம், மறு வருடமே ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். இடிந்த சர்ச், பேக்கரி, சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கும் மரவேர்கள் என்று விமானத்திலேயே எங்களுக்குப் பாடம் முடிந்துவிட்டது. உங்கள் விளம்பரத்தின் முதல் படமே அந்த வேர்ச்சுவர்தானே!

அந்தத் தீவுக்குப் புதன்கிழமை விடுமுறை. எங்கள் வவுச்சரில் ராஸ் தீவுக்குப் போட்டிருந்த நாளும் புதன்கிழமை. டூர் நடத்துகிற உங்களுக்கு இது தெரியாதா? 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றியதுகூட உங்கள் தாளில் ஏறவில்லை. அது போகட்டும், எங்கள் வாயிலும் பழைய பெயர்தான் வருகிறது.

தீவுக்குப் படகு கிளம்பும் அபர்தீன் ஜெட்டியில் வெயிலில் நின்றோம். நார்த் பே கடற்கரைக்குப் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் படகில் ஏறுகிறார்கள். எதிரே தீவு தெரிகிறது, ஏறி உட்கார்ந்தால் சில நிமிடம்தான். வாத்தியார் மஞ்சப்பையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம்.

அங்கிருந்தே உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "சார், அங்க என்ன இருக்கு? நாலு இடிஞ்ச சுவரும் மானும்தான். யூடியூப்ல பாத்துக்கோங்க" என்றார் எடுத்தவர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாத்தியார் காதில் விழுந்தது. பணத்தைக்கூட விட்டுவிடுவேன், இதை விடமாட்டேன். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்கள்தானே முதலிலேயே சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள்.

நியாயமாகச் சொன்னால், செல்லுலார் சிறையை உங்கள் டிரைவர் தம்பி பொறுமையாகக் காட்டினார். ஏழு கட்டடச் சிறகுகளில் மிஞ்சியிருக்கும் மூன்றையும் சுற்றி வந்தோம். ஒரு சிறகின் கைதி எதிர்ச் சிறகின் முதுகைத்தான் பார்க்க முடியும், முகம் பார்த்துப் பேச வழியில்லை என்று வாத்தியார் விளக்கும்போது அந்தத் தம்பியும் நின்று கேட்டார். அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. கடல் தெரியும் அறை என்று சொல்லி ஜெனரேட்டர் தெரியும் அறை கொடுத்தது வேறு கதை.

ஊர் திரும்பியபின் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒரிஜினல் வவுச்சரோடு நேரில் வரச் சொன்னீர்கள். விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து மதுரைக் கிளைக்கு வந்தால், "இது சென்னை ஆபீஸ் விஷயம்" என்று வாசலிலேயே பதில். சென்னைக்குப் பேசினால், புக் செய்த கிளையில் கேட்கச் சொல்கிறார்கள். கடைசியில் அடுத்த டூருக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம்! உங்களோடு இன்னொரு டூரா?

எங்கள் ஐந்து பேரின் வாழ்நாள் ஆசையையே கெடுத்துவிட்டீர்கள். ஐந்து வீட்டிலும் சம்மதம் வாங்கி மறுபடி இப்படிக் கிளம்புவது நடக்கிற காரியமா? ஆகவே பேக்கேஜ் தொகை முழுவதையும், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாயும் தர வேண்டுகிறேன். வாத்தியாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

தாங்கள் நல்ல முடிவு எடுப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது, தெரியும்தானே?

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கேன்சல்டு செக் நகலை ஏற்கெனவே மதுரையிலும் கொடுத்துவிட்டேன், சென்னைக்கும் மெயிலில் அனுப்பிவிட்டேன். தயவுசெய்து மறுபடி கேட்காதீர்கள்.