கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு கயலுக்கு,

இங்கே நலம். நீ வெள்ளிக்கிழமை ராத்திரி ஹம்பிக்குக் கிளம்பறேன்னு அம்மா சொன்னா. பாதாமியில எடுத்த 18 படமும் பார்த்தேன். குகைத் தூண் விளிம்புல விழுந்த வெளிச்சத்தை விடாம பிடிச்சிருக்கே. அந்தக் கண் நம்ம வீட்டுக் கண். ஆனா எல்லாத்துலயும் லேசா ஒரு மங்கல். லென்ஸ்ல விரல் எண்ணெய். எடுக்கறதுக்கு முன்னாடி பருத்தித் துணியால துடைச்சுக்கோ.

உச்சி வெயில்ல ஹம்பிப் பாறையெல்லாம் வெளுத்துடும். காலையில எட்டரைக்குள்ள எடு. திரையில பாறையோட வெளிச்சமான பக்கத்தை ரெண்டு நொடி அழுத்தினா ஃபோகஸ் பூட்டிக்கும். பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழு. இருட்டை அப்புறம் ஓரளவு மீட்கலாம், வெளுத்த வானத்தை மீட்கவே முடியாது.

விரூபாட்சர் கோபுரத்தைக் கிட்ட நின்னு, போனைச் சாய்ச்சு எடுக்காதே. பின்னால சாயற மாதிரி வரும். கடைவீதியில தள்ளிப் போய் நேரா நிமிர்த்திப் பிடி. தரை அதிகமா வந்தா வெட்டிக்கலாம். கோவிலுக்குள்ள ஒரு இருட்டறையில, சின்னத் துளை வழியா ராஜகோபுரம் சுவர்ல தலைகீழா விழும். அவசியம் பார். கேமராவே அதுதான். ஃப்ளாஷ் போட்டா அழிஞ்சிடும். நைட் மோடு வெச்சு, போனைப் பக்கத்துச் சுவரோட அழுத்திப் பிடிச்சு, 3 செகண்ட் டைமர் போடு. பட்டனைத் தொடற அசைவே போதும், கலைஞ்சிடும்.

18 படத்துல ஒண்ணுல கூட நீ இல்லை. யார்கிட்டயாவது போனைக் கொடு. அகலமா எடுக்கற 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரத்துல நிக்கற முகம் இழுபடும். 2 எக்ஸ் ஜூம் வெச்சு நாலு எட்டு பின்னால போகச் சொல்லு, உன் முகத்தைத் தொட்டு எடுக்கச் சொல்லு. செல்ஃபின்னா பியூட்டி ஃபில்டரைப் பூஜ்யத்துல வை. அது தோலை வெளுக்கும்.

போன் செய்யற அந்த வெளுக்கற வேலையை முன்னாடியே நான் செஞ்சேன், கயல். நடுக்கூடத்துல மாட்டின உன் படத்துல நிறத்தை வெளுப்பா ஏத்தினது பெரியம்மா சொன்னதுக்காகன்னு இத்தனை நாள் சொல்லிட்டிருந்தேன். இல்லை. என் கைதான். உன்னை ஒரு வார்த்தை கேக்கலை. நீ பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ளே போனதை நானும் பார்த்தேன். போன மாசம் அதைக் கழட்டிட்டேன்.

ஒரே ஒரு படம் அனுப்பு. நெடுக்குவாட்டில எடு. 8க்கு 12 இன்ச்ல பிரிண்ட் போட்டா ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், இடம் விட்டு நில்லு. வாட்ஸப் சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்பு. நான் எதையும் திருத்த மாட்டேன். லென்ஸை மட்டும் துடைச்சுக்கோ.

அப்பா