இடது கார்னரிலிருந்து ஒரு நன்றி மடல்

மாஸ்டருக்கும், மைதானக் காவலாளி அண்ணனுக்கும், ஜெர்சி தைத்த அக்காவுக்கும், எங்களோடு மோதிய கல்லூரித் தம்பிகளுக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15, திருநங்கையர் தினத்தன்று மதுரையில் ஆடிய கபடிப் போட்டியில் நாங்கள் நன்றாகவே தோற்றோம். தோற்றவர்கள் நன்றி மடல் எழுதும் வழக்கம் இல்லைதான். ஆனாலும் ஏழு பேர் களத்தில் இறங்கி நிற்க எத்தனை பேர் உழைத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எழுதும் வேலை, இடது கார்னரில், அதாவது பிடிப்பவர்கள் வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும், அணியில் ஓரளவு கையெழுத்து நன்றாக இருக்கும் திருநம்பியான (பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆணான) என் தலையில் விழுந்தது.

மாஸ்டர், கபடி உடம்பைத் தொட்டு ஆடும் ஆட்டம். பாடி வருபவரின் கணுக்காலைப் பற்ற வேண்டும், தொடையை வளைத்துப் பிடிக்க வேண்டும், இடுப்பைக் கட்டிச் சாய்க்க வேண்டும். சொந்த உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே கூசி வளர்ந்தவர்களை இந்த ஆட்டத்துக்கு அழைத்தபோது உங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தோம். நீங்கள் ஒரு வழக்கம் கொண்டுவந்தீர்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே கை படக்கூடாது என்று எதிரில் நிற்பவரிடம் சொல்லிவிட்டே பிடிகளைப் பழக வேண்டும். காரணம் யாரும் கேட்கக் கூடாது. பள்ளியில் விளையாட்டு வகுப்பு வரும்போதெல்லாம் வயிற்றுவலி வந்த எனக்கு, உடம்பு என்பது மறைப்பதற்கு மட்டுமல்ல, ஒருவரை நிறுத்தவும் உதவும் என்று அந்த மண்ணில்தான் தெரிந்தது.

கோடு போட்ட நாளையும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10, பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8. எங்கள் அணியிலோ திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், பெண்கள், இந்த எந்தப் பட்டியலிலும் சேர விரும்பாத ஒருவர். எந்த அளவு என்று வாதம் நீண்டுகொண்டே போக, “சுண்ணாம்புப் பொடி எதுவரை வருகிறதோ அதுவரை போடுங்கள்” என்றீர்கள். பொடி பெண்கள் களத்துக்கே போதவில்லை.

காவலாளி அண்ணா, அலுவலக அறைக்குப் பின்னாலுள்ள கழிப்பறையின் சாவியை எங்களிடம் கொடுத்தீர்கள். அதற்கு முன் ஆண்கள் பக்கமும் போக முடியாமல், பெண்கள் பக்கமும் போக முடியாமல், மாலை முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தோம். எல்லோரையும் அரவணைப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

பைண்டரோடு பயிற்சிக்கு வந்த என்னைத் திட்டிய மருத்துவருக்கும் நன்றி. மார்பை இறுக்கும் உடையோடு ஓடினால் மூச்சு முட்டும், விலாவில் வலி பிடிக்கும். மூச்சை அடக்கிப் பாடிப் போகும் ஆட்டத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? அவர் சொன்னபடி உள்ளே விளையாட்டு உள்ளாடை, மேலே தளர்வான ஜெர்சி. அந்த ஜெர்சியை அடர்நீலத் துணியில், மார்புப் பக்கம் மட்டும் இரட்டையாக வைத்து, யாருக்கு எதற்கு என்று கேட்காமல் தைத்தவர் நீங்கள், அக்கா.

நேரில் பார்க்காத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த நிலையிலிருந்து மீண்டு பயிற்சியாளரானார். அவர் ஒரு பெண். அவருக்கு நேர்ந்ததையும் திருநர்களின் கதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் யார் எங்கே ஓடலாம் என்று உடம்பைச் சோதித்து முடிவுசெய்யும் அதிகாரம் எங்கள் எல்லோர்மீதும்தான் விழுகிறது. அதே அதிகாரத்தை எதிர்த்து விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், உடம்பில் ஆண் ஹார்மோன் இயல்பாகவே கூடுதலாக உள்ள பெண்களைத் தடுக்கும் விதியை 2015இல் நிறுத்திவைக்கச் செய்தவர் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த். 2019இல் தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்ன செய்தியை எங்கள் ரைடர் ஒருவர் இன்னும் பையில் மடித்து வைத்திருக்கிறார்.

கல்லூரித் தம்பிகளே, பார்வையாளர் பக்கமிருந்து ஒரு குரல் எங்களைக் கேலி செய்தபோது உங்கள் கேப்டன் நடுவரிடம் போய் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அது பெரிய உதவி. அதைவிடப் பெரிது, ஆட்டம் மறுபடி தொடங்கியதும் கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் எங்களை மண்ணில் புரட்டியது. போனஸ் கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பாவம் பார்த்து ஆடியிருந்தால் இந்த மடலில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது.

அக்கா, ஜெர்சிக்கான தையல் கூலியில் பாதி இன்னும் பாக்கி. வருகிற ஞாயிறு பயிற்சி முடிந்ததும் கடைக்கு வருகிறோம். கிழிந்த இரண்டையும் அப்போதே கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
அணியின் சார்பில்,
இடது கார்னரில் நிற்பவன்